எஸ்டேட்காரனுக்கு ஏதுங்க எஸ்டேட்?

சட்டப் புஸ்தகத்துல 'எஸ்டேட்'னா செத்துப்போனவர் விட்டுட்டுப் போன சொத்து மொத்தமும். வீடு, நிலம், பேங்க் காசு, நகை எல்லாம் சேர்த்து. எங்க ஊர் வால்பாறையில 'எஸ்டேட்'னா தேயிலைக் காடு. அதாவது அடுத்தவங்க சொத்து. ஆழியாறுல இருந்து நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தீங்கன்னா கண்ணுக்கெட்டுன தூரம் பச்சைப் பசேல்னு தெரியும் பாருங்க, அதுல ஒரு செடி கூட அதைக் கிள்ளறவங்களோடது இல்லை. அவங்க குடியிருக்கற லயன் வீடும் கம்பெனியோடது. வேலை போனா வீடும் போச்சு.

சரி, முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச ஒருத்தர் செத்துப்போனா அவரோட 'எஸ்டேட்' எவ்வளவு? எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்க"ம்பாங்க. அந்த "ஒண்ணுமில்லை" தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. இருக்கறதை வாங்கறதுக்கு வக்கீல் இல்லாம முடியாதுங்கறதும் தப்பு. ரெண்டு தப்பும் சேர்ந்துதான் நிறைய வீட்டுல காசை முழுங்கிட்டு இருக்கு.

(நான் வக்கீல் இல்லை. லயன் வீட்டுல பொறந்து, கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சு, இப்ப பொட்டி தட்டிட்டு இருக்கற ஆசாமி. எரர் மெசேஜைப் படிச்சுப் பார்த்துட்டு அடுத்த வேலையைப் பார்க்கற பழக்கம் மட்டும்தான் இதுல எனக்கு இருக்கற தகுதி.)

எங்க சித்தப்பா வேலையில இருக்கும்போதே தவறிட்டார். காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு சித்தி ஃபோன் பண்ணி, "கண்ணு, கோர்ட்டுல ப்ரொபேட்னு ஒண்ணு வாங்கணுமாமா. நாப்பதாயிரம் ஆகும்னு சொல்றாங்க. கம்மலை வெச்சுரட்டுமா?"ன்னு கேட்டாங்க. சொன்னவர் ஊர்ல 'விவரம் தெரிஞ்சவர்'. இதுல விசேஷம் என்னன்னா, சித்தப்பா உயிலே எழுதலை. ப்ரொபேட்ங்கறது "இது இன்னார் எழுதின உண்மையான உயில்தான்"னு கோர்ட் முத்திரை குத்திக் கொடுக்கறது. இல்லாத உயிலுக்கு எங்கிருந்துங்க முத்திரை? :-)

உயிலே இருந்திருந்தாலும் வால்பாறையில ப்ரொபேட் கட்டாயம் கிடையாது. 1870-ல வெள்ளைக்காரன் இந்து உயில் சட்டம் போட்டப்ப கல்கத்தா பக்கத்து மாகாணம், மதராஸ் நகரம், பம்பாய் நகரம்னு ஒரு கோடு கிழிச்சான். அந்தக் கோடு அப்படியே 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குள்ள வந்துருச்சு. சென்னை நகர எல்லைக்குள்ள ஒரு இந்து எழுதின உயில், இல்லைன்னா அந்த எல்லைக்குள்ள இருக்கற வீடு நிலம் பத்தின உயில், இதுக்கு மட்டும்தான் ப்ரொபேட் இல்லாம கோர்ட்டுல உரிமை கேட்க முடியாதுன்னு 213-வது பிரிவு சொல்லுச்சு. பொள்ளாச்சி, உடுமலை, கோயமுத்தூர் எல்லாம் கோட்டுக்கு வெளிய. முஸ்லிம்களுக்கு அந்தப் பிரிவு எப்பவுமே கிடையாது. 2002-ல இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் விலக்கு கொடுத்தாங்க. கடைசியா 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட் அந்தப் பிரிவையே எடுத்துருச்சு. இப்ப சென்னைக்காரங்களுக்கும் கட்டாயம் இல்லை. வேணும்ங்கறவங்க வாங்கிக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இந்தப் பயம்? பாதி சினிமா, மீதி அமெரிக்காவுல இருக்கற சொந்தக்காரங்க. அங்க நிலைமை வேற. கலிஃபோர்னியாவுல ப்ரொபேட் வக்கீலுக்குச் சட்டமே கமிஷன் நிர்ணயிச்சிருக்கு. முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த லட்சத்துக்கு 3, அதுக்கு மேல பத்து லட்சம் டாலர் வரைக்கும் 2. அஞ்சு லட்சம் டாலர் வீடுன்னா வக்கீலுக்கு மட்டும் 13,000 டாலர். அதனாலதான் அங்க "வக்கீல் இல்லாம ப்ரொபேட் பண்றது எப்படி"ன்னு புஸ்தகமே போட்டு விக்கறாங்க. இங்கிலாந்துல சாதாரண ஜனங்களே நேரா விண்ணப்பிக்கலாம். நம்ம ஊர்ல அந்தக் கதவே இல்லை. இல்லாத கதவுக்குச் சாவி விக்கறவங்கதான் இருக்காங்க.

இப்ப அந்த "ஒண்ணுமில்லை"யைக் கூட்டிப் பார்ப்போம். ஒருத்தர் 28 வருஷம் வேலை செஞ்சார், தினக்கூலி 450 ரூபாய், மாசம் 26 நாள் வேலைன்னு வெச்சுக்கங்க. (கணக்குக்காகப் போட்ட தொகை. உங்க வீட்டுச் சம்பளச் சீட்டைப் பார்த்துப் போட்டுக்கங்க.)

1. கிராஜுவிட்டி. வருஷத்துக்கு 15 நாள் கூலி. 15 x 450 x 28 = 1,89,000 ரூபாய். அஞ்சு வருஷம் முடிஞ்சிருக்கணும்ங்கற விதி சாவுக்குப் பொருந்தாது. 1972 சட்டத்துலயும் அப்படித்தான், 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அப்படித்தான். 30 நாளுக்குள்ள கொடுக்கணும், தாமதமானா வட்டி.

2. பிஎஃப் காசு. வட்டியோட. படிவம் 20.

3. இடிஎல்ஐ. பிஎஃப் கூடவே வர்ற இன்சூரன்ஸ். இதுக்குத் தொழிலாளி பத்துப் பைசா கட்டறதில்லை, கம்பெனிதான் கட்டும். அதனாலயே இப்படி ஒண்ணு இருக்கறது யாருக்கும் தெரியாது. வேலையில இருக்கும்போது இறந்தா, கடைசிப் பன்னெண்டு மாசச் சராசரிச் சம்பளத்துல 35 மடங்கு. 450 x 26 = 11,700. அதுல 35 மடங்கு 4,09,500 ரூபாய். அதுக்கு மேல பிஎஃப் கணக்குல இருந்த சராசரித் தொகையில பாதி, அதிகபட்சம் 1,75,000. மொத்த உச்சவரம்பு 7 லட்சம். படிவம் 5 ஐஎஃப்.

4. குடும்பப் பென்ஷன். மனைவிக்கு மாசாமாசம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய். 25 வயசுக்குக் கீழ இருக்கற ரெண்டு பிள்ளைகளுக்குத் தனி. படிவம் 10 டி.

5. பேங்க் பாஸ்புக்குல மே மாசக் கடைசிப் பக்கத்தைப் பாருங்க. 436 ரூபாய் பிடிச்சிருந்தா அது பிரதமர் ஜீவன் ஜோதி பீமா. ரெண்டு லட்சம்.

முதல் அயிட்டத்தையும் மூணாவதையும் மட்டும் கூட்டினாலே 5,98,500. கிட்டத்தட்ட ஆறு லட்சம். பிஎஃப், பென்ஷன், பேங்க் சேமிப்பு எல்லாம் அதுக்கு மேல. இதுதாங்க எஸ்டேட்காரனோட எஸ்டேட். மண்ணுல இல்லை, காகிதத்துல இருக்கு. லயன் வீட்டைக் காலி பண்ணிட்டு எங்க போறதுன்னு முழிக்கற ஒரு பொம்பளைக்கு, பொள்ளாச்சி பக்கம் ரெண்டு சென்ட் இடமா அது மாறலாம். இல்லைன்னா பையன் காலேஜ் ஃபீஸா மாறலாம்.

இதுல எதுக்கும் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. என்ன வேணும்?

முதல்ல இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். 30 நாள் தாண்டிட்டா அதிகாரியோட அனுமதி, ஒரு வருஷம் தாண்டிட்டா மாஜிஸ்ட்ரேட் உத்தரவுன்னு இழுக்கும். பத்துப் பிரதி வாங்கி வெச்சுக்கங்க.

ரெண்டாவது வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம், சின்னக் கட்டணம்தான். விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு அனுப்பினதும் தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும். வால்பாறை தனித் தாலுகா, அதனால மலை இறங்க வேண்டியதில்லை. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. இந்தச் சான்றிதழ் "யார் யார் வாரிசு"ன்னு மட்டும்தான் சொல்லும். "யாருக்கு எவ்வளவு"ன்னு சொல்லாது.

மூணாவது பேங்க். நாமினி இருந்தா கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியோட அடையாள அட்டை, இவ்வளவுதான். நாமினி இல்லைன்னா "சக்சஷன் சர்டிஃபிகேட் கொண்டுவா"ன்னு விரட்டறது பல கவுண்டர்ல வழக்கம். இதுக்கு ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர்ல ஒரு விதிமுறை போட்டிருக்கு. நாமினி இல்லாத கணக்குல 15 லட்சம் வரைக்கும் (கூட்டுறவு வங்கின்னா 5 லட்சம்) கோர்ட் காகிதம் கேட்கக் கூடாது. வாரிசு சான்றிதழ், ஒரு உறுதிமொழிப் பத்திரம், காசு வேண்டாம்ங்கற மத்த வாரிசுகளோட சம்மதக் கடிதம் போதும். எல்லாக் காகிதமும் கொடுத்து 15 நாளுக்குள்ள முடிக்கணும். முடிக்கலைன்னா பேங்க் ரேட்டுக்கு மேல 4 சதவீதம் சேர்த்து வட்டி தரணும். 2026 மார்ச் 31-க்குள்ள எல்லா வங்கியும் இதை நடைமுறைக்குக் கொண்டுவரணும்னு கெடு வெச்சாங்க. கவுண்டர்ல முடியாதுன்னு சொன்னா "அதை எழுதிக் கொடுங்க சார்"னு மரியாதையாக் கேளுங்க. வாயால சொல்ற முடியாது வேற, கையெழுத்துப் போட்டுச் சொல்ற முடியாது வேற. எங்க சித்தி விஷயத்துல அந்த ஒரு வரியிலயே ஃபைல் நகர ஆரம்பிச்சுது.

சட்டம் இவ்வளவு சுலபமா இருந்தா அப்புறம் எங்கதான் மாட்டுது? பேருல.

ஆதார்ல முருகாயி, பிஎஃப்ல முருகாயம்மாள், ரேஷன் கார்டுல வி. முருகாயி, பேங்க்ல முருகாயி வேலுச்சாமி. அப்பா பேரா, புருஷன் பேரா, எது இனிஷியல்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் எழுதின கிளார்க்கோட இஷ்டம். பொறந்த தேதி பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணு. டேட்டாபேஸ்ல வேலை பார்க்கறவனா சொல்றேன், நாலு டேபிள்ல நாலு விதமா ஒரே ஆள் இருந்தா கம்ப்யூட்டருக்கு அது நாலு ஆள். தொழிலாளி உயிரோட இருக்கும்போது கம்பெனியும் அவரும் சேர்ந்து கூட்டு அறிவிப்பு கொடுத்துப் பிஎஃப் பேரைத் திருத்திக்கலாம். போன பிறகு அதே எழுத்துப் பிழைக்கு விதவை கோயமுத்தூருக்கும் வால்பாறைக்கும் நடையா நடக்கணும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. மூணாவது தடவை போகும்போது "போகட்டும் விடு"ன்னு தோணும். அந்த இடத்துலதான் நாப்பதாயிரம் கேட்கற ஆள் கடவுள் மாதிரி தெரிவார். அவர் விக்கறது சட்ட அறிவு இல்லைங்க. அலைச்சல் தாங்கற சக்தி.

அடுத்து நாமினி. "நாமினி பேரு என்னோடது, அதனால காசு என்னோடது"ன்னு சண்டை போடற பிள்ளைகளை எல்லா ஊர்லயும் பார்க்கலாம். நாமினின்னா பேங்க் யார் கையில காசைக் கொடுத்துட்டுக் கை கழுவலாம்ங்கறதுக்கு ஒரு பேர், அவ்வளவுதான். எங்க தொழில்ல சொன்னா பாயிண்டர். டேட்டா இல்லை. காசு வாரிசுகளுக்குத்தான். 1983-ல சர்பதி தேவி வழக்குல இன்சூரன்ஸுக்கும், 2010-ல தல்வார் வழக்குல பேங்க் டெபாசிட்டுக்கும், 2023 டிசம்பர்ல சக்தி யெஸ்தானி வழக்குல ஷேருக்கும் சுப்ரீம் கோர்ட் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. விதிவிலக்கு ஒண்ணு: 2015 திருத்தத்துக்கு அப்புறம் லைஃப் இன்சூரன்ஸ்ல பெத்தவங்க, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாப் போட்டிருந்தா காசு அவங்களுக்கே.

பிஎஃப்ல கதை கொஞ்சம் வேற. குடும்பம் இருக்கறவர் குடும்பத்து ஆளைத்தான் நாமினியாப் போடணும். கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனைப் போட்டிருந்தா, கல்யாணம் ஆனதும் அது செல்லாது. நாமினியே இல்லைன்னா, வயசுக்கு வந்த மகனுக்கும் கணவன் உயிரோட இருக்கற மகளுக்கும் பங்கு கிடையாது. மீதிக் குடும்பத்தார் சமமாப் பிரிச்சுக்கணும்.

பேங்க் காசு, நகை, சொந்த ஊர்ல இருக்கற நிலம் இதுக்கெல்லாம் இந்துக்களுக்கு 1956 சட்டம். உயில் இல்லைன்னா மனைவி, மகன், மகள், அப்புறம் இறந்தவரோட அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. ஆமாங்க, அம்மாவுக்கும். திண்ணையில உக்காந்திருக்கற அந்தக் கிழவியை நம்மாளுங்க கணக்குலயே சேர்க்கறதில்லை. கிறிஸ்தவர்னா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு.

வக்கீல் வேண்டாம்னு சொல்ற என் கட்சிக்கு ஒரு நிபந்தனை இருக்கு. பேங்க்ல கொடுக்கற அந்தச் "சம்மதக் கடிதம்" இருக்கே, அதுல கையெழுத்துப் போடறது பெரும்பாலும் கட்டிக்கொடுத்த பொண்ணு. "இங்க ஒரு கையெழுத்துப் போடு அம்மிணி, பேங்க்ல கேக்கறாங்க"ன்னு நீட்டுவாங்க, அதுவும் போட்டுட்டுப் போயிரும். நிலம்னா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல விடுதலைப் பத்திரம். தமிழ்நாட்டுல 1989-லயே பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல உரிமை வந்துருச்சு. நாடு முழுக்க 2005-ல வந்துச்சு. 2020-ல வினீதா சர்மா வழக்குல அது பொறந்ததுல இருந்தே வர்ற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்திருச்சு. சட்டம் கொடுத்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, கொங்குல இன்னும் சீர் செஞ்சதைக் காட்டி வாயை அடைக்கறோம். அந்தப் பொண்ணு விட்டுக்கொடுக்கலாம், அது அவ இஷ்டம். எதை விட்டுக்கொடுக்கறான்னு தெரிஞ்சு விட்டுக்கொடுக்கணும். வக்கீலுக்குக் கொடுக்கற காசை மிச்சம் பண்ற வீடு, அந்தக் காகிதத்தைத் தங்கச்சிக்கு முழுசாப் படிச்சுக் காட்டியாகணும். இல்லைன்னா அது சிக்கனம் இல்லைங்க, திருட்டு.

வக்கீலே தேவைப்படாதான்னா, தேவைப்படும். உயிலை யாராவது பொய்ன்னு சொன்னா. (ப்ரொபேட் கட்டாயம் இல்லைங்கறதால நிரூபிக்க வேண்டாம்னு அர்த்தம் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தராவது கோர்ட்டுல வந்து சொல்லணும். அதனால உயில் எழுதறவங்க தன்னைவிட வயசு கம்மியான சாட்சியைப் போடுங்க.) மைனர் பிள்ளையோட நிலத்தை விக்கணும்னா கோர்ட் அனுமதி வேணும். அண்ணன் தம்பி பேசிக்கறதில்லைன்னா வேணும். அப்பவும் கம்மலை அடகு வெக்காதீங்க. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்துல பெண்கள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் உண்டு. எஸ்டேட்ல வேலை பார்த்தவரோட விதவை, பெண்ங்கற ஒரே காரணத்துக்கே தகுதியானவங்க. ஃபோன் நம்பர் 15100.

என் கருத்து இதுதான். பெரிய சொத்துக்காரனுக்கு வக்கீல் செலவு, சொத்துல ஒரு துளி. ரெண்டு மூணு லட்சம் வர்ற வீட்டுக்கு நாப்பதாயிரம்னா அது அஞ்சுல ஒரு பங்கு, ஏழரையில ஒரு பங்கு. அந்தப் பங்கைக் காப்பாத்தற அறிவு ரகசியம் ஒண்ணும் இல்லை, எல்லாம் அரசாங்கமே போட்ட விதிதான். ஒரு தொழிலாளி இறந்த அன்னிக்கு மாலை வாங்கி அனுப்பற எஸ்டேட் ஆபீஸ், கூடவே ஒரு பக்கத்துல "உங்களுக்கு வர வேண்டியது இவ்வளவு, இன்ன படிவம், இந்த இடம்"னு தமிழ்ல அடிச்சுக் கொடுத்தா போதும். யூனியன்காரங்களும் கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கறதுல ஒரு நாளை ஒதுக்கி, லயன் லயனாப் போய்ப் பேர் திருத்தற முகாம் போட்டா போதும்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். பதிவர்கள் பாதிப் பேர் நம்மளை மாதிரி பொட்டி தட்டறவங்கதானே? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவோட ஆதார், பிஎஃப், பாஸ்புக், ரேஷன் கார்டு நாலையும் பாயில பரப்பி வெச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு மணி நேர வேலை. நாமினி காலம் காலியா இருந்தா நிரப்புங்க. 2025 நவம்பர்ல இருந்து பேங்க் கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், அதனால "அண்ணனா தம்பியா"ன்னு சண்டையும் வேண்டாம். "சாவைப் பத்தி இப்ப என்ன பேச்சு"ன்னு அம்மா திட்டுவாங்க. திட்டட்டும். திட்டறதுக்கு அவங்க இருக்கும்போதுதான் இதைச் செய்யணும்.

டிஸ்கி: கம்பெனிக்குத் தனிப் பிஎஃப் டிரஸ்ட் இருந்தா படிவம் பிஎஃப் ஆபீசுக்கு இல்லை, டிரஸ்டுக்குப் போகும். உங்க ஊர்ல வாரிசு சான்றிதழ் வாங்க எத்தனை நாள் ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, மத்தவங்களுக்கு உதவும். சித்தியோட கம்மல் பத்திரமா காதுலயே இருக்கு :-)